குட்டியானைக்கு அலங்காரம்

வாடகை வீட்டில் குடியேறுகிறவர்கள்கூட முதல் நாளே சுவரில் ஓர் ஆணி அடித்துக் குலதெய்வத்தின் படத்தை மாட்டிவிடுகிறார்கள். வாசலில் ஒரு கோலம், ஜன்னலில் ஒரு திரை, கொல்லையில் ஒரு துளசிச் செடி - இவ்வளவும் ஆன பிறகுதான் அது 'நம் வீடு' என்ற பெயரைப் பெறுகிறது. வேறொருவர் கட்டிய வீட்டையும் தன்னுடையதாக்கிக்கொள்ளும் இந்தச் சுபாவம் மனிதனை விட்டு எப்போதும் நீங்குவதில்லை. பொங்கலன்று மாட்டின் கொம்புக்கு வர்ணம் பூசினவனும், வில் வண்டிக் காளையின் கழுத்தில் வெண்கலச் சலங்கை கட்டினவனும் இந்தச் சுபாவத்துக்கு உட்பட்டவர்களே. காளையின் ஸ்தானத்தில் மோட்டார் வந்தது, சுபாவம் மாறவில்லை.

இதைக் கண்கூடாகக் காண விரும்புகிறவர்கள் எந்த ஊர்ச் சந்தைக்காவது விடியற்காலையில் போய்ப் பார்க்கலாம். வரிசை வரிசையாகக் 'குட்டியானை'கள் நிற்கும். டாட்டா கம்பெனியார் 2005-ம் வருஷம் மே மாதத்தில் வெளியிட்ட 'ஏஸ்' என்ற சிறு சரக்கு வண்டிக்கு வடக்கே 'சோட்டா ஹாத்தி' என்றும், நம் நாட்டுப்புறத்தில் 'குட்டியானை' என்றும் ஜனங்களே பெயர் சூட்டிவிட்டார்கள். இரண்டே ஸிலிண்டர், 16 குதிரைச் சக்தி, முக்கால் டன் பாரம் - இதுதான் முதலில் வந்த வண்டியின் ஜாதகம். மூன்று சக்கர வண்டிக்கும் பெரிய லாரிக்கும் நடுவில் நம் நாட்டு இன்ஜினியர்கள் வகுத்த இந்த வண்டி, பதினைந்து வருஷத்துக்குள் 20 லட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. நாளடைவில் வேறு கம்பெனிகளின் பிக்-அப் வண்டிகளும் அதே குடும்பப் பெயருக்குப் பாத்தியதை கொண்டாடத் தொடங்கின.

தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது இந்த வண்டிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. ஒன்றுக்குப் பலகைத் தளம். ஒன்றுக்குத் தார்ப்பாய்க் கூடாரம். ஒன்றின் நெற்றியில் குழந்தைகளின் பெயர்கள். ஒன்றின் முன்னே எலுமிச்சம்பழமும் மிளகாயும். அதிகச் செலவில்லாமல், சொந்தக் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய இத்தகைய மாறுதல்களைப் பற்றிச் சிறிது விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எவை வண்டியையும் அதை நம்பிய குடும்பத்தையும் காப்பாற்றுகின்றன, எவை இரண்டையும் கெடுக்கின்றன என்பது அற்ப விஷயமன்று. ஏனெனில் இவ்வண்டிகளிற் பெரும்பாலானவை தவணைக் கடனில் வாங்கப்பட்டவை. ஓட்டுகிறவரே முதலாளி, அவரே கூலியாள்.

பன்றியும் மாதா கோயிலும்

சரக்கு வண்டியைத் தன் இஷ்டப்படி திருத்திக்கொள்ளும் வழக்கம் மோட்டாரைப் போலவே பழமையானது. அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1908-ல் 'மாடல் டி' மோட்டாரை வெளியிட்டார். அதை வாங்கிய குடியானவர்கள் அதிலே சவாரி செய்வதோடு திருப்தியடையவில்லை. பின்பக்கத்தை அறுத்து எடுத்துவிட்டு மரப்பெட்டி ஒன்றைப் பூட்டினார்கள், தானியம் ஏற்றினார்கள். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் தோல் பட்டையை மாட்டி மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். குடியானவன் கொல்லையில் செய்ததைப் பார்த்துத்தான் கம்பெனியே பாடம் கற்றுக்கொண்டது என்று சொல்ல வேண்டும். 1925-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் போர்டு கம்பெனியார் தாங்களே பின்னால் பெட்டி வைத்த 'பிக்-அப்' வண்டியை 281 டாலர் விலைக்கு விற்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெட்டியின் ஓரங்களில் கழிகளைச் செருகுவதற்கென்றே குழிகள் விட்டிருந்தார்கள். அந்தக் குழிகளில் என்ன செருகுவது என்பதை வாங்குகிறவனுடைய யுக்திக்கு விட்டுவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் ரஸமானது. விக்டோரியா மாகாணத்துக் குடியானவர் ஒருவரின் மனைவி போர்டு கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினாராம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு நனையாமல் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும் என்பது அந்த அம்மையாரின் விண்ணப்பம். ஜீலாங் நகரத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த லூயிஸ் பாண்ட் என்ற இளைஞர் அதற்கேற்ப ஒரு வண்டியை வகுத்தார். 1934-ல் அது வெளிவந்தது. இரண்டு தேசத்திலும் தேவையை முதலில் உணர்ந்தது உபயோகிக்கிற கைதான். குட்டியானையிலும் அவ்விதமே ஆரம்பிப்பது நலம்: அலங்காரத்துக்கு முன் தேவை.

பலகையும் ரப்பரும்

குட்டியானையின் சுமைத் தொட்டி ஏறக்குறைய ஏழடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள இரும்புத் தகடு. அதில் நேரடியாகச் சரக்கை இழுத்துப் போட்டால் முதலில் வர்ணம் போகிறது. பிறகு ஈரம் தங்கித் துருப் பிடிக்கிறது. தக்காளிச் சாறும், மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்பு நீரும், உரமூட்டையின் சிதறலும் துருவை வெகு சீக்கிரம் வளர்க்கின்றன. ஆகையால் முதல் திருத்தம் தளத்துக்குப் பலகை போடுவது. இடித்த வீடுகளின் மரச் சாமான் விற்கிற கடைகளில் பழைய கதவுப் பலகைகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றை ஒன்றோடொன்று இறுக்கி அடைக்காமல், விரற்கடை இடைவெளி விட்டுக் குறுக்குச் சட்டத்தில் திருகாணியால் பூட்ட வேண்டும். இடைவெளி இருந்தால்தான் தண்ணீர் வடியும். தொட்டியில் கம்பெனியார் விட்டிருக்கும் வடிகால் துவாரங்களை ஒருபோதும் மூடலாகாது. பலகைத் தளத்தைத் தனியே தூக்கி எடுக்கும்படி அமைத்தால், வாரம் ஒரு முறை கழுவிக் காயவைக்கலாம். தகட்டில் புதிதாகத் துளை போடாமலிருப்பதே உத்தமம். போட்டே தீரவேண்டுமானால், துளையின் விளிம்பில் அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு பூசிவிட வேண்டும். துரு எப்போதும் துளையிலிருந்துதான் புறப்படுகிறது.

இங்கே ஒரு கணக்கையும் நினைவில் வைக்க வேண்டும். ஏழடிக்கு ஐந்தடி தளத்தில் அரை அங்குலக் கனமுள்ள லேசான பலகை விரித்தால் அதன் எடை சுமார் 25 கிலோ. முக்கால் டன் என்பது 750 கிலோ. அதாவது 15 சிமெண்டு மூட்டை. வண்டியில் நாம் சேர்க்கும் ஒவ்வொரு கிலோவும் ஏற்றக்கூடிய சரக்கிலிருந்து கழிகிறது. மரப் பலகைக்கு அரை மூட்டை நஷ்டம். அது தகுந்த நஷ்டம். ஆனால் கம்பீரத்துக்காக 100 கிலோ இரும்புச் சட்டங்களைப் பூட்டுகிறவர், வண்டி உள்ளவரையில் ஒவ்வொரு நடையிலும் இரண்டு மூட்டைக் கூலியை இழக்கிறார். இரும்பைச் சுமப்பதற்கு டீஸலும் செலவழிக்கிறார்.

இரண்டாவது திருத்தம் பஞ்சர் கடையிலிருந்து வருகிறது. லாரிச் சக்கரத்தின் கிழிந்த ரப்பர் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாட்டில் கத்தரித்தால் அருமையான கட்டுப் பட்டை கிடைக்கிறது. கயிறு குலுக்கலில் தளர்ந்துவிடும்; ரப்பரோ தானாகவே இறுகிக்கொள்ளும். தார்ப்பாயின் ஓரங்களைப் பிடித்து நிறுத்த இதைப்போன்றது வேறில்லை. கனமான சாமானைக் கட்டுவதற்கு மட்டும் ரப்பரை நம்பலாகாது. அதற்குக் கயிறோ கொக்கிப் பட்டையோ வேண்டும். பழைய டயரின் துண்டுகளைக் கயிறு உரசும் மூலைகளில் வைத்தால் கயிறும் அறுபடாது, பீரோவின் விளிம்பும் நசுங்காது.

மூன்றாவது, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். கயிறு ஒரு மூலையிலும் ஜாக்கி ஒரு மூலையிலும் கிடந்தால், மழையில் பஞ்சரான இரவில்தான் அதன் கஷ்டம் தெரியும். நான்கங்குலப் பிளாஸ்டிக் குழாயை இரண்டடி நீளம் நறுக்கி, இருபுறமும் மூடி போட்டு, ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டிப் படுக்கவைத்துக் கட்டினால் கயிறுகளுக்கு நனையாத வீடு ஆயிற்று. பிளாஸ்டிக் ஒயர்க் கூடை பின்னத் தெரிந்த பெண்மணிகள் இல்லாத தெரு நம் ஊரில் கிடையாது. அதே ஒயரில் தட்டையாக ஒரு பை பின்னி இருக்கைக்குப் பின்னால் மாட்டினால், தண்ணீர்ப் புட்டி, ரசீதுப் புத்தகம், கைவிளக்கு எல்லாம் அடங்கும். இருக்கைக்குக் கதர் அல்லது கைத்தறித் துணியில் உறை தைத்துப் போட்டால், வெயிலில் வெந்த ரெக்ஸினில் உட்கார்ந்து முதுகு வியர்க்கும் வேதனை தீரும். கோடைகாலப் பகல் முழுவதும் அந்த இருக்கையில் கழிக்கிறவருக்கு இது ஆடம்பரமல்ல.

காசு கொடுத்து வாங்கியது

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில், முன்பு என்னிடம் படித்த வாலிபர் ஒருவர் இவ்வாறெல்லாம் திருத்திய வண்டி ஒன்றை வைத்திருக்கிறார்.

"ஏனப்பா, இவ்வளவு ஜோடனை செய்திருக்கிறாயே, தவணையெல்லாம் ஒழுங்காகக் கட்டுகிறாயா?" என்று கேட்டேன்.

"ஜோடனைக்குச் செலவு ஏது, ஸார்? பலகை, எங்கள் பெரியப்பா வீட்டுப் பழைய கதவு. டியூப் பஞ்சர் கடைக்காரர் சும்மா கொடுத்தது. அந்தச் சிவப்புப் பட்டை மட்டும்தான் காசு கொடுத்து வாங்கினேன்."

"அதை மட்டும் ஏன் வாங்கினாய்?"

"தக்காளி ராத்திரியில்தான் ஸார் பிரயாணம் பண்ணுகிறது. பலகை சரக்கைக் காப்பாற்றும். என்னை யார் காப்பாற்றுவது?"

அவர் சொன்னது சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டையை. பின்னால் வரும் வண்டியின் விளக்கொளி பட்டால் அது அந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. முன்பக்கம் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்பது நியதி. இதன் மதிப்பைப் பள்ளிக்கூடக் கணக்கினாலேயே காட்டலாம். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் கடக்கிறது. விளக்கு அணைந்து ஓரமாக நிற்கும் வண்டியை அந்த லாரி ஓட்டுநர் 30 மீட்டர் தூரத்தில் கண்டால், அவருக்குக் கிடைப்பது இரண்டு வினாடிகூட இல்லை. 100 மீட்டர் தூரத்தில் கண்டால் ஆறு வினாடி. நாலு வினாடி வித்தியாசத்தில் ஒரு குடும்பத்தின் விதி நிர்ணயமாகிறது. இவ்வளவு குறைந்த விலைக்கு இவ்வளவு பெரிய லாபத்தைத் தரும் அலங்காரம் வேறொன்றும் எனக்குத் தெரியாது. சேறு படிந்த பட்டை பட்டையே அல்ல. தினமும் ஈரத் துணியால் துடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விளக்கும் ஊதலும்

விளக்கு விஷயத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். சாதாரண முன்விளக்கின் பல்பு 60 வாட்டு. 'இன்னும் பிரகாசம் வேண்டும்' என்று அதே கம்பியில் 100 வாட்டு பல்பை மாட்டிவிடுகிறார்கள். 12 வோல்ட்டு மின்சாரத்தில் 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் ஓடும். 100 வாட்டுக்கு எட்டுக்கு மேல் ஓடும். கம்பியில் உண்டாகும் உஷ்ணமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. நாளடைவில் கம்பியின் உறை உருகி வண்டி தீப்பிடிக்க இடமுண்டு. எதிரே வருகிறவனின் கண்ணைக் குருடாக்கினால், அவன் வந்து மோதுவது நம் வண்டியின்மேல்தானே? இரவில் சரக்கு இறக்க வெளிச்சம் வேண்டுமானால், தொட்டியின் உட்புறத்தில் ஐந்து வாட்டு எல்.இ.டி. விளக்கு ஒன்று போதும். அது அரை ஆம்பியர்கூடக் கேளாது. பாட்டரியின் அருகிலேயே தகுந்த ஃப்யூஸ் ஒன்றை இடையில் வைத்துவிட வேண்டும். பல ஸ்வரங்களில் அலறும் ஊதலையோ மோட்டார் விதிகளே தடுத்திருக்கின்றன. ஆஸ்பத்திரி வாசலில் அதை ஊதுகிறவர் தம் வீட்டு நோயாளியை ஒரு தடவை நினைத்துப் பார்த்தால் போதும்.

சட்டத்தின் எல்லை

'என் வண்டி, என் இஷ்டம்' என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் கண்டபடிக்கு மாறாக வண்டியின் அமைப்பைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வற்புறுத்திற்று. அதே வருஷத்தில் வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளித்தது. தொட்டியின் சுவர்களை நிரந்தரமாக உயர்த்துவதும் அடிச் சட்டத்தை நீட்டுவதும் இந்தத் தடைக்குள் அடங்கும். வண்டியின் நிறத்தை முழுதும் மாற்ற வேண்டுமானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகவே எழுதிக் கொடுத்து அனுமதி பெற வேண்டும். கழற்றக்கூடிய பலகையும், தார்ப்பாயும், ஒயர்ப் பையும், இருக்கை உறையும் இப்படி வண்டியின் அமைப்பை மாற்றுவனவல்ல. சிக்கனமான திருத்தங்களே பெரும்பாலும் சட்டத்துக்கும் இசைந்தவையாயிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒரு மாறுதலுக்குச் செலவும் இல்லை, கருவியும் வேண்டாம். அதுதான் எல்லாவற்றிலும் கொடியது. தொட்டியில் ஜமக்காளத்தை விரித்து, ஓரத்தில் இரண்டு பெஞ்சியைப் போட்டு, மேலே சாமியானாத் துணியைக் கட்டிக் குட்டியானையை 'பஸ்' ஆக்கிவிடுகிறார்களே, அதைச் சொல்கிறேன். காது குத்து, வளைகாப்பு, குலதெய்வத்துக்குப் பொங்கல் - எதற்கும் இது வழக்கமாகிவிட்டது. ஆளுக்கு 55 கிலோ வீதம் 20 பேர் ஏறினால் 1,100 கிலோ. 750 கிலோ தாங்கும் வண்டிக்கு அது ஒன்றரைப் பங்குச் சுமை. மூட்டையைக் கயிற்றால் கட்டுகிறோம், மனிதரைக் கட்டுவதில்லை. மூட்டை தளத்தில் படுத்திருக்கிறது. மனிதர் நின்றுகொண்டும் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டும் வண்டியின் பாரத்தை மேலே கொண்டு வருகிறார்கள். திருப்பத்தில் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியும் அந்தப் பக்கமே சாய்கிறது. விபத்து நேர்ந்த பிறகு நஷ்டஈட்டுக்குப் போனால் அங்கும் ஏமாற்றம். சரக்கு வண்டியில் இனாமாக ஏறிச் சென்றவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பாளியல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2002 டிசம்பரிலேயே தீர்மானித்துவிட்டது. காது குத்துக்குப் புறப்பட்ட குடும்பம் கடனிலும் துக்கத்திலும் முடிவதற்கு ஒரு ஜமக்காளமே காரணமாகலாம்.

இதில் ஓட்டுநரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. வேன் வாடகையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க எண்ணி, 'எல்லாரும் இதிலேயே போய்விடலாமே!' என்று முதலில் யோசனை சொல்லுகிறவர்கள் நம் வீட்டுப் பெரியவர்களே. அவர் மறுத்தால், 'நீ இல்லாவிட்டால் வேறு வண்டி' என்று மிரட்டுகிறவர்களும் நாமே. தவணைக் கெடு நெருங்கியவர் எத்தனை தடவை மறுக்க முடியும்?

பெயர் எழுதுதல்

இனி, கண்ணுக்கு இனிய விஷயத்துக்கு வரலாம். கண்ணாடியின் நெற்றியில் மகளின் பெயர், பின்கதவில் பெற்றோரை வணங்கும் ஒரு வாசகம், பக்கத்தில் ஊர்ப் பெயர் - இவை இல்லாத குட்டியானை பொட்டிடாத முகம் போலத்தான் தோன்றும். முன்பு ஊருக்கு ஊர் கையால் எழுதும் சித்திரக்காரர்கள் இருந்தார்கள். இன்று இயந்திரம் வெட்டிய ஒட்டுக் காகிதம் அவர்களுடைய இடத்தை வெகுவாகப் பிடித்துக்கொண்டது. எல்லா வண்டிகளிலும் ஒரே எழுத்து, ஒரே சிங்கம், ஒரே கண். சொந்த எழுத்து வேண்டுகிறவருக்கு ஓர் எளிய உபாயம் உண்டு. பழைய எக்ஸ்ரே படச் சுருளில் எழுத்தை வரைந்து, கூரிய கத்தியால் வெட்டி எடுத்தால் நல்ல அச்சுத் தகடு கிடைக்கும். வண்டியைச் சோப்பு நீரில் கழுவி, உலர்த்தி, மெல்லிய உப்புத் தாளால் லேசாகத் தேய்த்து, தகட்டை ஒட்டுப் பட்டையால் பொருத்த வேண்டும். எனாமல் வர்ணத்தில் ஸ்பாஞ்சுத் துண்டைச் சிறிதே தோய்த்து ஒற்றி எடுக்க வேண்டும். தாராளமாகத் தோய்த்தால் வர்ணம் தகட்டின் அடியில் பரவும். ஒரு முறை கனமாகப் பூசுவதைவிட, காயவிட்டு இரண்டு முறை மெல்லப் பூசுவது மேல். குழந்தைகள் எழுத்து வெட்ட, தகப்பனார் வர்ணம் ஒற்ற, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை இது.

எழுத்து எதுவாயினும், நம்பர்ப் பலகையையும் விளக்குகளையும் ஓட்டுநரின் பார்வையையும் மறைக்காமலிருக்க வேண்டும். திருஷ்டிக்காகக் கட்டும் கறுப்புக் கயிறும் கண்ணாடியின் நடுவே தொங்கினால், அதுவே விபத்தைக் கூப்பிடும் திருஷ்டியாகும்.

சுதேசி என்பதை வாங்கும் பொருளோடு நிறுத்திவிடுகிறோம். நம் நாட்டில் செய்த வண்டியை வாங்குவது அதில் பாதி. அந்த வண்டியின் உள்ளும் புறமும் அறிந்து, பழைய கதவையும் கிழிந்த ரப்பரையும் கொண்டு அதைத் தன் தொழிலுக்கு ஏற்றதாக்கிக்கொள்ளும் கை அதன் மறுபாதி. அந்தக் கைக்கு உரியவர் சம்பளத்துக்காகக் காத்திருப்பவரல்லர். சிறிய முதலீட்டில் தம் காலிலேயே நிற்க முயலும் குடும்பஸ்தர். அவருக்கு நம் போன்ற குடும்பங்கள் செய்யக்கூடிய உதவியும் உண்டு. அடுத்த தடவை வீடு மாற்றச் சாமான் ஏற்றும்போது, பின்கதவில் சிவப்புப் பட்டை இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் பேசிய வாடகைக்கு மேல் அதற்கான ரூபாயைக் கொடுத்து ஒட்டிக்கொள்ளச் சொல்லுவோம். சாமானை அவர் வண்டியில் அனுப்பிவிட்டு, நாம் பஸ்ஸில் போவோம்.